துணியைப் பார், முகத்தைத் தொடாதே

கேமராவைக் கீழே வைத்துவிட்டு வீட்டோடு இருப்பது என்று நான் முடிவு செய்ததும், எங்கள் பக்கத்துப் புகைப்படக்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மேடை, மைக், கேசரி என்று எதற்கும் குறைவில்லை. அங்கே ஒரு தம்பி தன் செல்போனில் என்னைப் படம் எடுத்துக் கையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டான். பார்த்தேன். சால்வை என்னுடையது, சேலையும் என்னுடையது. நடுவில் இருந்த முகம்தான் யாருடையது என்று பிடிபடவில்லை. பிறந்ததிலிருந்து மூக்கோரம் இருக்கிற மச்சத்தைக் காணோம். நல்ல மாநிறத்துக்காரியான என்னைச் சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி அடித்து வைத்திருந்தது.

"என்னலே இது, யாரு படத்தை எனக்கு அனுப்பியிருக்க?" என்றேன்.

"உங்க படந்தான்க்கா. போனே அதுவாச் செஞ்சிருது. நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"அது செய்யும். நீ எதுக்குச் சும்மா இருந்த?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, "அக்கா, பேரை மறைச்சு வச்சாலும் உங்க படத்தை நாங்க கண்டுபிடிச்சிருவோம். அந்த ஸ்டைல் உங்களுக்கு எப்பிடி வந்துச்சு?" என்று கேட்டான். மைக்கில் ஏதோ நாலு வார்த்தை சொல்லி ஒப்பேற்றிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அது பதிலே இல்லை. அவன் கேட்டது நல்ல கேள்வி. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் முத்துலட்சுமி. ஊர் செட்டியார்பட்டி. வீட்டில் தறி ஓடியது; ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணிதான் நெய்தார்கள். பத்தாவது முடித்துவிட்டு ராஜபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். படம் எடுக்க வரும் பெண்களுக்குச் சேலை மடிப்பைச் சரிசெய்து பூ வைத்துவிடுவதற்கு ஒரு பெண் வேண்டும் என்றார்கள். அதற்குத்தான் போனேன். பிறகு இருட்டறை, பிறகு நெகட்டிவில் பென்சிலால் முகத்தைத் திருத்துகிற டச்சிங், பிறகு கேமரா. இந்த ஒரு வரிக்குள் ஏழெட்டு வருஷம் அடங்கியிருக்கிறது. விரல் நுனி கறுத்ததையும் கழுத்து வலித்ததையும் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது என் முதலாளியைப் பற்றி. பெயர் வெங்கட்ராஜா. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கேமராவுக்குப் பின்னால் போய் நின்றால் இரண்டிலும் சேராத ஒரு முனகல். கறுப்பு வெள்ளைக் காலத்தில் அவருடைய பென்சிலுக்கு அப்படி ஒரு பேர். நெகட்டிவைச் சாய்வுச் சட்டத்தில் வைத்து, பின்னால் விளக்கைப் போட்டு, ஊசி மாதிரி சீவின பென்சிலால் முகத்தின் பள்ளங்களைப் புள்ளி புள்ளியாக நிரப்புவார். அம்மைத் தழும்பு போய்விடும், கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பு போய்விடும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற பெண் படம் என்றால் சங்கரன்கோவிலிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். அவர் கை பட்டால் யாரும் சிவப்பாகிவிடுவார்கள் என்று ஊரே சொன்னது. அதை அவர் பெருமையாக எடுத்துக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

கலர் வந்தது. இரண்டு குடை பிளாஷ், வானநீலத்தில் ஒரு பின்திரை, கண்ணாடிக்குக் கீழே ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா. எல்லா ஸ்டுடியோவும் அப்படித்தான், எங்களுடையதும் அப்படித்தான். வருகிறவர்கள் பவுடரை அப்பிக்கொண்டு உட்காருவார்கள். இரண்டு பக்கமும் பளிச்சென்று அடிப்போம். பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடுகிற மதுரை லேப்காரர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் வெளுக்க வைத்து அனுப்புவார். கல்யாண ஆல்பத்தைப் பிரித்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒரே ரோஸ் நிறத்தில் இருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு மாற்று என்ன என்றும் தெரியவில்லை.

முதலாளியிடம் ஒரு பழக்கம் இருந்தது. லேபிலிருந்து பிரிண்ட் வந்தால் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்ப்பார். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது.

"என்ன மொதலாளி, கண்ணு தெரியலையா?" என்று கேட்டேவிட்டேன்.

"தலைகீழாப் பாத்தாத்தான் கலர் தெரியும் பிள்ள. நேராப் பாத்தா ஆளு தெரிஞ்சிருவான். பொறவு அவன் நல்லவன் கெட்டவன்னுதான் பாப்போமே ஒழிய, கலர் எங்க பாப்போம்?"

அப்படிப் பார்த்துவிட்டு, "செவப்பு ஒரு சொட்டுக் கூடிப்போச்சு" என்பார். "காது மட்டும் வேற ஆளோட காது மாதிரி இருக்கு" என்பார். நேராகப் பார்த்து நான் கண்டுபிடிக்காததை எல்லாம் தலைகீழாகப் பார்த்துச் சொல்வார். திருப்தி என்றால் தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை: "பாகுந்தி." நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து சுலபமாக வராது. அதற்காகவே வேலை செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுந்தரம் என்று ஒரு பால்கோவாக்காரர் வந்திருந்தார். கடையில் மாட்டுவதற்குத் தன் படம் வேண்டும் என்றார். "கரண்ட் வரட்டும் அண்ணாச்சி, செத்த நேரம் இருங்க" என்றேன்.

"அதெல்லாம் தோதுப்படாது தாயி. சாயங்காலப் பால் வந்துரும். நான் நிக்கலைன்னா அடுப்படியில அம்புட்டும் பாழாப் போகும்" என்று எழுந்துவிட்டார்.

முதலாளி வெளியே போயிருந்தார். வந்த ஆளை விட மனசில்லை. பக்கவாட்டில் ஓர் அறை இருந்தது. அருவி, தாஜ்மகால், மாடிப்படி எல்லாம் வரைந்த பழைய திரைகளைச் சுருட்டிப் போட்டிருக்கிற அறை. அதில் மேற்கே பார்த்து ஒரு பெரிய ஜன்னல். அங்கே ஸ்டூலைப் போட்டேன். வெயில் கண்ணைக் குத்தியது. அன்றைக்கு எங்கள் அண்ணன் ஒரு வியாபாரியிடம் கொடுக்கச் சொல்லிப் பேண்டேஜ் துணிக் கட்டு ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டிருந்தான். அதைப் பிரித்து இரண்டு மடிப்பாக ஜன்னலில் கட்டினேன். வெயில் அப்படியே அடங்கி, அறைக்குள் மெத்தென்று ஒரு வெளிச்சம் வந்தது. சலவை போடாத துணி என்பதால் வெளிச்சத்திலும் அதன் பழுப்பு லேசாகக் கலந்திருந்தது.

சுந்தரம் அண்ணாச்சி போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தவர் மாதிரி விறைத்துக்கொண்டு இருந்தார். சிரிக்கச் சொன்னேன், இன்னும் மோசம். கடைசியில், "அண்ணாச்சி, பால் அடிப்பிடிக்குது" என்றேன். சட்டென்று திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அடுப்பையும் ஆளையும் சேர்த்து அளக்கிற பார்வை. எடுத்துவிட்டேன்.

பிரிண்ட் வந்தபோது நானே அசந்துபோனேன். வருஷக்கணக்காக அடுப்புமுன் நின்று கன்றிப்போன கன்னம், காதோரத்து நரை, கழுத்தில் வேறொரு நிறம் என்று ஒரே முகத்துக்குள் நாலைந்து நிறம் இருந்தது. முதலாளி வழக்கம்போல் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா இப்பிடி எடுக்க?"

"யாருமில்ல மொதலாளி. கரண்ட் இல்ல."

சிரித்துவிட்டார். "பாகுந்தி" என்றார். மறுநாள் நான் போகும்போது அருவியும் தாஜ்மகாலும் பரணில் கிடந்தன. பக்கத்து அறை கூட்டித் துடைத்து இருந்தது. "இந்த ரூம் இனி ஒனக்கு. நீ அங்கிட்டு ஒன் போக்குல எடு. நான் இங்கிட்டு என் போக்குல எடுக்கேன். எந்த ரூமுக்குப் போகணும்னு வாரவிய முடிவு பண்ணட்டும்" என்றார். தன் கடைக்குள்ளேயே தனக்குப் போட்டியாக ஒருத்தியை உட்காரவைத்த முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மனசு நிறைகிறது.

சுந்தரம் அண்ணாச்சி, "அடுப்படி வேக்காடெல்லாம் அப்பிடியே விழுந்திருக்கே" என்று முனகிக்கொண்டுதான் வாங்கிப் போனார். ஆனால் மாட்டினார். அதைப் பார்த்துவிட்டு நாலு பேர் வந்தார்கள், அந்த நாலு பேரைப் பார்த்து இன்னும் சிலர்.

எனக்கென்று ஒரு முறை மெல்ல உருவானது. பிளாஷ் கிடையாது. ஜன்னல், அதன் மேல் பேண்டேஜ் துணி. வெயிலுக்குத் தக்கபடி ஒரு மடிப்போ இரண்டோ மூன்றோ. சிரிக்கச் சொல்வதில்லை, அவரவர் வேலையிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்துப் போடுவேன். லேப்காரர் வெளுக்க வைப்பதை எப்படித் தடுப்பது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அதற்கும் அந்தத் துணியே கைகொடுத்தது. ஒவ்வொருவரையும் எடுக்குமுன் அவர் கன்னத்துப் பக்கத்தில் ஒரு துண்டுப் பேண்டேஜ் துணியைப் பிடித்து ஒரு படம் எடுப்பேன். அதே துணியில் ஒரு சாண் கிழித்துப் பிலிமோடு கவரில் போட்டு, மேலே எழுதி அனுப்புவேன்: "துணியைப் பார், முகத்தைத் தொடாதே." பிரிண்டில் துணியின் நிறம் கையில் உள்ள துணியோடு ஒத்துப்போனால் முகமும் தானாகச் சரியாக வந்துவிடும். லேபில் என்னைப் பேண்டேஜ் அக்கா என்று கூப்பிடுவார்களாம். கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

பவுடர்தான் அடுத்த சண்டை. பவுடர் போட்ட முகத்தில் ஜன்னல் வெளிச்சம் எடுபடாது; அறைக்குள் மாவு மில்லிலிருந்து வந்த ஆள் மாதிரி தெரிவார்கள். அதனால் என் அறை வாசலில் ஒரு போர்டு மாட்டினேன்: "முகம் கழுவிவிட்டு உட்காரவும்." ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வக்கீல் ஒருவர் அதைப் பார்த்துக் கொதித்துப்போனார். "என்னைய மூஞ்சி கழுவச் சொல்ல நீ யாரும்மா?" என்று என்னிடம் கேட்டதோடு நிற்காமல் முதலாளியிடம் போய் முறையிட்டார். முதலாளி எழுந்து நின்று மரியாதையாகத்தான் சொன்னார். "அந்த ரூமுக்குள்ள அந்தப் பிள்ளை வச்சதுதான் சட்டம். எங்கிட்ட வாங்க, பவுடரோடயே எடுத்துத் தாரேன். உங்களுக்கு எது வேணும்?" வக்கீல் யோசித்தார். வாஷ்பேசினுக்குப் போனார். அதற்கப்புறம் அந்தப் போர்டை யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை.

இவ்வளவையும் நான் சொன்னது எஸ்தர் டீச்சரைப் பற்றிச் சொல்வதற்காகத்தான்.

எஸ்தர் டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. அந்தப் பள்ளியின் வகுப்பு குரூப் போட்டோக்களை வருஷா வருஷம் நான்தான் போய் எடுப்பேன். டீச்சருக்கு முகத்தில் வெண்புள்ளி. முப்பது வயதுக்கு மேல் வந்ததாம். இரண்டு கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், இடது கன்னத்தில் ஒரு கையகலத்துக்கும் வெள்ளை. மற்ற இடமெல்லாம் நல்ல அடர்ந்த பழுப்பு. வலிக்காது, யாருக்கும் ஒட்டாது, தோலின் நிறம் போவதோடு சரி. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்தம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்க யோசித்தவர்களும் உண்டு.

குரூப் போட்டோ அன்றைக்கு டீச்சர் என் பக்கத்தில், கேமராவுக்குப் பின்னால்தான் நிற்பார். "ஏட்டி, ரெட்டைச் சடை, குனியாத. கடைசிப் பெஞ்சு, கண்ணை மூடாதிய" என்று வரிசையைச் சீர்படுத்துவார். நடு நாற்காலியில் வகுப்பு டீச்சரை உட்காரவைப்பார். நீங்களும் உட்காருங்கள் என்றால், "பொறவு இதுகளை யாரு மேய்க்க?" என்பார். சிரிப்பாகத்தான் சொல்வார். நான் எடுத்த எந்தப் படத்திலும் அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அவர் ஓய்வு பெறுகிற வருஷம் வந்தது. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். பதவி முடிந்து போகிற தலைமையாசிரியையின் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தலைமையாசிரியை அறையில் வரிசையாக மாட்டுவார்கள். தாளாளர் ஐயாவே கடைக்கு வந்து முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். "நல்ல மனுஷி. பாவம், மூஞ்சி அப்பிடி ஆயிருச்சு. படத்துல அது தெரியாமச் செஞ்சு குடுத்துருங்க. செவத்துல காலத்துக்கும் இருக்கப் போறது." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த மரியாதை அது.

முகத்தை மாற்றுவதில் முதலாளியை மிஞ்ச ஆள் கிடையாது. அவர்தான் எடுப்பார் என்று நினைத்தேன். அவரோ என்னைக் கூப்பிட்டு, "நீ எடு" என்றார்.

"உங்ககிட்டத்தான மொதலாளி சொன்னாரு?"

"நான் எடுத்தா வேறொரு பொம்பளைய வரைஞ்சு குடுத்துருவேன். எங்கை அப்பிடிப் பழகிப்போச்சு. நீ எடு."

டீச்சர் தனியாக வந்தார். அரக்கு நிறத்தில் கைத்தறிச் சேலை. முகம் முழுக்கக் கனமாக மேக்கப். யாரோ தெரிந்தவர்கள் போட்டுவிட்டிருக்க வேண்டும். புள்ளி தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. "எப்பிடி எடுத்தாலும் செரி முத்து, சீக்கிரம் முடிச்சு விட்டுரு" என்றார். உள்ளே வந்தவர் வாசலில் போர்டைப் பார்த்தார். நின்றார். வக்கீலிடம் செல்லும் சட்டம் இவரிடம் செல்லுமா? வாயைத் திறந்து கழுவுங்கள் என்று சொல்ல என்னால் முடியாது. சொல்லாமல் இருந்தால் நான் எடுக்கப்போவது டீச்சரின் படமே இல்லை.

டீச்சர்தான் பேசினார். "இது எல்லாருக்கும் உள்ள சட்டமா?"

"ஆமா டீச்சர். ஆனா நீங்க..."

"என்ன ஆனா? என் பள்ளிக்கூடத்துல ஒருத்திக்கு ஒரு சட்டம்னா நான் விட்டுருவேனா?"

பையை என் கையில் கொடுத்துவிட்டு வாஷ்பேசினுக்குப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தபோது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, ஸ்டூலைப் பார்த்தது. அந்த நடையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எத்தனையோ பெரிய மனிதர்கள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவு துணிச்சலோடு வந்து உட்கார்ந்தவர் வேறு யாரும் இல்லை.

இனி என் பாடு. ஒரு முகத்தில் இரண்டு நிறம். பழுப்புக்கு வெளிச்சம் சரியாக இருந்தால் வெள்ளை வெந்துபோகும். வெள்ளைக்குச் சரியாக இருந்தால் பழுப்பு கரியாகிவிடும். துணியை நாலு மடிப்பாக்கினேன். வெளிச்சம் அடங்கியது, இரண்டும் கொஞ்சம் நெருங்கி வந்தன. பின்னால் என்ன போடுவது? என்னிடம் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக அவர் கன்னத்தோரம் பிடித்துப் பார்த்தேன். நீலம் வைத்தால் புள்ளிகள் தனியே எழும்பி நின்றன. பச்சை வைத்தால் சீக்காளி மாதிரி இருந்தது. வெள்ளை வைத்தால் மற்ற இடம் இருண்டுபோனது.

டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார். "என்ன முத்து, சேலை எடுக்க வந்தவ மாதிரி பாக்க?"

"கலர் அமையணும்லா டீச்சர்."

பிறகு, "என் மூஞ்சிய இம்புட்டுப் பக்கத்துல வச்சு ஒருத்தர் பாத்து எம்புட்டு வருசம் ஆச்சு தெரியுமா? பேசுறவிய எல்லாம் என் தோளைப் பாத்துத்தான் பேசுவாவ" என்றார். அடுத்த துணியை எடுத்துப் பிடித்தேன்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. இரண்டு நிறத்துக்கும் நடுவில் ஒரு நிறம் பின்னால் இருந்தால் இரண்டும் அதோடு சேர்ந்துகொள்ளுமே? பக்கத்து டீக்கடையில் ஒரு சட்டி டிக்காஷன் வாங்கிவந்து பேண்டேஜ் துணியை அதில் முக்கினேன். உலர்ந்தபோது ஒரு தேன் பழுப்பு வந்திருந்தது. அதைப் பின்னால் தொங்கவிட்டுப் பார்த்தால், புள்ளிகள் முகத்தின் மேல் ஒட்டவைத்தவையாகத் தெரியவில்லை. அந்த முகத்தின் நிறங்களாகவே தெரிந்தன. அரக்குச் சேலை அதோடு நன்றாகப் பொருந்திப்போனது.

கன்னத்தோரம் துணியை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். டீச்சரின் கை மடியில் இறுகிக் கிடந்தது. "டீச்சர், மூணாம் பெஞ்சுல ஒருத்தி வாயில என்னத்தையோ போட்டு மெல்லுதா" என்றேன். தலை நிமிர்ந்தது. கண்டிப்பும் அதற்கு அடியில் அடக்கிய சிரிப்புமாக ஒரு பார்வை. அதை எடுத்தேன்.

பிலிம் மதுரைக்குப் போனது. லேபில் கம்ப்யூட்டர் வந்திருந்த புதிது. பிரிண்ட் வந்த அன்றைக்குத் தாளாளரும் டீச்சரும் சேர்ந்தே கடைக்கு வந்துவிட்டார்கள். கவரை அவர்கள் முன்னால்தான் பிரித்தேன். உள்ளே ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தாள். முகம் முழுக்க ஒரே வெள்ளை. டீச்சரின் கண், டீச்சரின் சேலை, டீச்சரின் பார்வை எல்லாம் இருந்தன. பழுப்பு மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை. பிறகு போனில் கேட்டபோது ஆபரேட்டர் ரொம்பப் பெருமையாகச் சொன்னார். "ஜன்னல் வெளிச்சம் திட்டுத் திட்டா விழுந்திருக்குன்னு நெனச்சேன்க்கா. வெளிச்சம் பட்ட எடந்தான அசல் கலரு? மத்த எடத்து நெழலையெல்லாம் ஒரு நாள் பூரா உக்காந்து எடுத்து விட்டேன்." முகம் என்றால் வெளுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று பழகிப்போன கண் அது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

முதலாளி பிரிண்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். "துணி கலர் செரியாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

தாளாளருக்கோ வாயெல்லாம் பல். "அருமை! இதையே பெருசு பண்ணிருங்க" என்றார். டீச்சர் படத்தைக் கையில் வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. இதுதான் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டால் நான் என்ன சொல்ல முடியும்? அத்தனை வருஷம் அந்த முகத்தோடு இருந்தவர் அவர்.

"ஐயா," என்றார் டீச்சர், "இவிய யாரு? நம்ம பள்ளிக்கூடத்துல எந்த வருசம் வேலை பாத்தாவ?"

தாளாளர் திகைத்துப்போனார். "இல்லம்மா... உங்க நல்லதுக்குத்தான். வாரவிய போறவிய பாக்கிற எடம்."

"தெரியும் ஐயா. இத்தனை வருசமும் வாரவிய போறவிய என்னையத்தான பாத்தாவ? வரிசையில என் பேரைப் போட்டு வேற ஆளை மாட்டினா, எம் பிள்ளைக வந்து தேடும்போது யாரைப் பாக்கும்?" குரல் உயரவில்லை. படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "முத்து எடுத்தது எம் மூஞ்சி. அதக் குடுக்கச் சொல்லுங்க. இல்லைன்னா அந்த எடம் காலியாவே இருக்கட்டும்."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க இஷ்டம்மா" என்றார். அதையும் மனசாரத்தான் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் முதலாளி நெகட்டிவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினார். முட்டுவலிக்காரர், கடைப்படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறவர். நான் போகிறேன் என்றதற்கு, "நீ சொன்னா அவன் கேக்க மாட்டான். நான் போனாத்தான் பயப்படுவான்" என்றார். அங்கே நடந்ததை ஆபரேட்டர்தான் பிற்பாடு எனக்குச் சொன்னார். முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாராம். ஆபரேட்டர் மௌஸில் கை வைத்து முகத்துப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாராம். "தொடாத. துணியப் பாரு. மூஞ்சியத் தொடாத." ஆயிரக்கணக்கான முகங்களில் பென்சில் வைத்த மனிதர் அன்று பூராவும் சொன்னது அது ஒன்றுதான். என் வரியை அவர் வாயால் கேட்க நான் அங்கே இல்லாமல் போனேனே என்று இன்றைக்கும் ஆதங்கம்.

பெரிய பிரிண்டோடு திரும்பி வந்தார். மேஜைமேல் விரித்தார். அதைத் தலைகீழாகத் திருப்பவில்லை. நேராக வைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீச்சரைப் பார்த்தார். அவர் பாகுந்தி சொல்வாரா என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. "என் காலத்துல நான் எடுக்காமப் போன படம் பிள்ள இது" என்றார். அதற்கு மேல் ஒருவர் என்னைப் பாராட்ட முடியாது.

தம்பி கேட்ட ஸ்டைல் இதற்குள்தான் எங்கேயோ இருக்கிறது. வெயிலுக்குக் கட்டிய துணி, நான் மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த சில காரியங்கள், அந்தப் பிடிவாதத்துக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்த ஒரு மனிதர், எல்லாருக்கும் உள்ள சட்டமா என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போன ஒரு மனுஷி. நான் தனியாக ஒன்றையும் கண்டுபிடித்துவிடவில்லை.

சட்டம் போட்ட படத்தை மாட்ட நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வருஷாந்தர குரூப் போட்டோவும் அன்றைக்குத்தான். தலைமையாசிரியை அறையில் வரிசையாக ஏழெட்டு அம்மாக்கள், எல்லாரும் பளபளவென்று. கடைசியில் ஆணி அடித்து எஸ்தர் டீச்சரை மாட்டினேன். டீச்சர் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். படத்தைப் பார்க்காமல் எதையோ தேடுகிற மாதிரி டிராயரைத் திறந்து மூடினார்.

வருகைப் பதிவேட்டைக் கொடுக்க ஒரு சின்னப் பிள்ளை உள்ளே வந்தது. மூன்றாவதோ நாலாவதோ படிக்கும். சுவரைப் பார்த்தது. டீச்சரைப் பார்த்தது. மறுபடியும் சுவரைப் பார்த்தது.

"டீச்சர், இது அப்பிடியே நீங்கதான்!" என்றது.

டீச்சர் டிராயரை மூடிவிட்டு வந்து படத்துக்குக் கீழே நின்றார். அண்ணாந்து பார்த்தார். நிதானமாக, ஒரு முழுப் பார்வை. அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்தார்.

"ஆமாட்டி," என்றார். "நாந்தான்."

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். வெளியே மைதானத்தில் முதல் வகுப்பு வரிசையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"வா முத்து, வெயில் ஏறுதுல்லா. வரிசைய இன்னைக்கு நீயே பாத்துக்கோ. நடுவுல எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லு."